ஹெச்.ஆர். அப்ரண்டிஸ் வேலை: இனிஷியலோடு ஒரு வருடம்

சித்தி மகளுக்கு ஒரகடம் பக்கம் ஒரு பெரிய உதிரிபாகத் தொழிற்சாலையில் ஹெச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், வாய்ப்பு வந்திருக்கிறது. "அக்கா, நீ இருந்தியே, சேரலாமா?" என்று கேட்டாள். பி.காம்., பி.பி.ஏ. முடித்துவிட்டு இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள், அதனால் எழுதுகிறேன். அதே வட்டாரத்தில் வேறொரு பெரிய நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்தேன். வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது.

கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, ஒரு வருட ஒப்பந்தம் எல்லாம் தெரிந்த விஷயம். ஸ்டைபண்ட், அதாவது மாத உதவித்தொகை, நான் இருந்தபோது 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தார்கள், தேதி தவறாமல் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

சேரும்போது ஹெச்.ஆர். என்றால் நேர்முகத் தேர்வு நடத்துவது, பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்வது என்று நினைத்திருந்தேன். அவையெல்லாம் எக்ஸிகியூட்டிவ்களின் வேலை. எனக்கு வந்தது ஜாயினிங் ஃபைலும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிரச்சினைகளும். அதாவது, இனிஷியல்.

நம் ஊரில் ஒருவருக்கு எத்தனை பெயர் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பள்ளிச் சான்றிதழில் எம். முருகன். ஆதாரில் வெறும் முருகன். பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, அதனால் அங்கே அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு முருகன் மாணிக்கம். வங்கி பாஸ்புக்கில் முருகன் எம். நால்வரும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பெண்களுக்கு இன்னும் மோசம். சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்யும் பெண்களில் பலருடைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) இதனாலேயே கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு முடியாமல் கிடந்தது. ஆதாரோடு பொருந்தாத பெயருக்கு மாதாந்திர ரிட்டர்னில் (நிறுவனம் மாதாமாதம் தாக்கல் செய்யும் பி.எஃப். கணக்கு) பணம் கட்ட முடியாது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்கு மேல் என் மேசை படும் பாடு சொல்லி மாளாது.

திருத்துவதற்கு ஜாயிண்ட் டிக்ளரேஷன், அதாவது தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி, போட வேண்டும். தொழிலாளி கையெழுத்து, நிறுவனத்தின் ஒப்புதல், சான்று நகல்கள், பிறகு பி.எஃப். அலுவலகம். எங்கேயாவது ஓர் எழுத்து இடித்தால் திரும்பி வரும். 2025 ஜனவரியில் இதைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். 2017 அக்டோபர் முதல் வாங்கிய, ஆதாரோடு இணைந்த யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை உறுப்பினரே ஆன்லைனில் திருத்திக்கொள்ளலாம். நான் இருந்தபோது அது இல்லை. இருந்திருந்தால் என் வருடத்தில் பாதி மிச்சம்.

ஆனால் அந்த வேலையைத்தான் இன்று வரை நேசிக்கிறேன். பெயரைச் சரிபார்க்க ஷாப் ஃப்ளோருக்குப் போக வேண்டும், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆளைப் பிடிக்க வேண்டும். "அப்பா பேருக்கு இங்கிலீஷ்ல எப்படிண்ணா எழுதுவீங்க?" என்று கேட்டால் குடும்பக் கதையே வரும். பெயின்ட் ஷாப்பில் மூத்த அண்ணன் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு பி.எஃப். முன்பணம் கேட்டு ஒவ்வொரு முறையும் நிராகரிக்கப்பட்டிருந்தார். பழைய கம்பெனிக் கணக்கில் அவருடைய அப்பா பெயர் தப்பு. அந்தக் கம்பெனி மூடிவிட்டது. பழைய சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எல்லாம் சேர்த்துப் போராடிச் சரிசெய்தோம். பணம் வந்த அன்று அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "பாப்பா, ஏறிடுச்சு" என்றார். மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. 12 சதவீதம் எங்கே போகிறது, அதில் ஓய்வூதியத்துக்கு எவ்வளவு, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் யாருக்குப் பிடிப்பார்கள், மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் என்ன ஆகும், எல்லாம் ஆட்களின் முகத்தோடு சேர்த்துக் கற்றுக்கொண்டேன். என் சீனியர் மேடமும் நல்லவர். எதைக் கேட்டாலும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். இத்தனை பேரின் பி.எஃப். கணக்கை நேர்செய்த எனக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதை ஒப்புக்கொள்கிறேன், சட்டம் அப்படி. ஆனால் பயிற்சி பெறுபவர் என்றால் பயிற்சி தர வேண்டாமா? பயிற்சித் திட்டம் என்று ஒரு தாள் இருந்தது; ஆள்சேர்ப்பு, பயிற்சி, தொழிலுறவு என்று மாதவாரியாக எழுதியிருந்தார்கள். முதல் மாதத்துக்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ரிட்டர்ன் வாரத்தில் கடைசி பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. நான் உட்கார்ந்த நாற்காலி பயிற்சிக்கான நாற்காலி இல்லை. அது வருடம் முழுக்க, எல்லா வருடமும் தேவைப்படும் வேலை. எனக்கு முன்னால் ஓர் அப்ரண்டிஸ் அங்கே இருந்தார், எனக்குப் பிறகு ஒருவர் வந்தார். ஒரு வருடத்தில் வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வேகம் பிடிக்கும்போது அனுப்பிவிட்டு, புதியவரைக் கூட்டிவந்து முதலிலிருந்து தொடங்குகிறார்கள். வேலை தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பது தெரியும். இடமே இல்லை என்றால் புரிந்துகொள்வேன். இடம் இருக்கிறது, அதில் ஆளை மட்டும் நிரந்தரமாக வைக்க மாட்டார்கள். இதனால் தொழிலாளிக்கும் நஷ்டம். பாதியில் நிற்கும் அவருடைய ஃபைலைப் புதிதாக வந்தவர் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

அதனால் என் தீர்ப்பு: இவ்வளவு கற்றுக்கொண்ட பிறகும், வேறு வழி இருந்தால் சேராதே என்றுதான் சித்தி மகளிடம் சொன்னேன். இன்று எனக்கு இருக்கும் வேலை அந்த அனுபவத்தால்தான் கிடைத்தது, அப்படியிருந்தும் சொன்னேன்.

அவள் சேரத்தான் போகிறாள் போலிருக்கிறது. சேருகிறவர்கள் ஒப்பந்தம் நாட்ஸ் (தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதிவாகிவிட்டதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். பதிவு இல்லாவிட்டால் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் வராது. அப்புறம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தக் கொள்கையை எழுத்தில் கேளுங்கள்.