மூன்று வருடம், ஒரே கன்ட்ரோலர்: இணைப்பு ஏன் அறுந்துகொண்டே இருந்தது

வீடியோ கேம் கன்சோலில் விளையாடப் பயன்படும் இந்த வயர்லெஸ் கன்ட்ரோலர் என்னிடம் வந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. முதல் ஏழு மாதம் ஒரு குறை சொல்ல முடியாது. பிடி கைக்கு அடக்கமாக இருந்தது, டிரிகரை அழுத்தினால் அந்த மெல்லிய எதிர்ப்பு விரலுக்குத் தெரிந்தது, முழுதாகச் சார்ஜ் போட்டால் மூன்று நாள் ஆட்டத்துக்குத் தாங்கியது. எட்டாவது மாதம்தான் தொல்லை தொடங்கியது.

கார் ரேஸ், ஆன்லைன், கடைசிச் சுற்று. மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன். வளைவுக்குள் நுழையும் நொடியில் கன்ட்ரோலரின் விளக்கு அணைந்தது. திரையில் "கன்ட்ரோலரை மீண்டும் இணைக்கவும்" என்று ஒரு பெட்டி. தனியாக விளையாடும் ஆட்டமென்றால் அது தானாக நின்று காத்திருக்கும். ஆன்லைனில் யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். கார் நேராகப் போய்த் தடுப்பில் மோதியது. நடுப் பட்டனை அழுத்தி, மறுபடி இணைவதற்குள் பதினோராவது இடம். எப்போதாவது ஒரு தடவை இப்படி ஆகும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரத்திலேயே ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை என்றாகிவிட்டது.

எல்லாரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். கன்ட்ரோலரின் பின்பக்கம் சின்னதாக ஒரு துளை இருக்கும். அதற்குள் ஒரு ஊசியை விட்டு ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் ரீசெட் ஆகும். செய்தேன். கன்சோலின் புளூடூத் பட்டியலிலிருந்து கன்ட்ரோலரை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்தேன். கன்சோலுக்கும் கன்ட்ரோலருக்கும் வந்திருந்த அப்டேட்களைப் போட்டேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு நாள் நன்றாக ஓடும், மறுநாள் பழைய கதை. அந்த ஒரு நாள் நிம்மதிதான் என்னை அதிகம் ஏமாற்றியது. எது செய்தாலும் சரியான மாதிரியே தோன்றும்.

இங்கே கேபிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரீசெட் செய்த பிறகு கேபிள் வழியாகத்தான் மறுபடி இணைக்க வேண்டும். நான் செருகிய கேபிளில் சார்ஜ் ஏறியது, ஆனால் கன்சோல் கன்ட்ரோலரைக் கண்டுகொள்ளவே இல்லை. போர்ட் போய்விட்டது என்று பயந்து அரை நாள் வீணாக்கினேன். உண்மையில் அது சார்ஜுக்கு மட்டுமான கேபிள்; மின்சாரம் போகும் கம்பிகள் மட்டும் உள்ளே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். அதே கேபிளில் போனைக் கணினியோடு இணைத்துப் பாருங்கள். போனில் இருக்கும் கோப்புகள் கணினியில் தெரிந்தால் அது டேட்டா கேபிள். நல்ல கேபிள் ஒன்றை அடையாளம் கண்டு, அதில் ஒரு நிறத் துண்டை ஒட்டி வைத்துவிட்டேன். இன்றுவரை அது மட்டும்தான் கன்ட்ரோலருக்கு.

வாரண்டி இருந்ததால் சேவை மையத்துக்கும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, பழுது எதுவும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. கோபம் வந்தது. அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றே நினைத்தேன். அப்புறம் தம்பி தன்னுடைய கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு விளையாட வந்தான். அவன் கையில் இருந்ததும் அறுந்தது. அவன் வீட்டில் ஒரு தடவைகூட அறுந்ததில்லையாம். அப்போதுதான் உறைத்தது: நான் இத்தனை நாள் பழுது பார்த்துக்கொண்டிருந்தது பழுதே இல்லாத பொருளை.

அன்றிலிருந்து கன்ட்ரோலரைத் தொடுவதை நிறுத்திவிட்டு, அது எப்போது அறுகிறது என்று குறிக்க ஆரம்பித்தேன். டிவி மேசையில் ஒரு சின்ன நோட்டு. நேரம், என்ன ஆட்டம், பேட்டரி எத்தனை கோடு, அந்த நொடியில் திரையில் என்ன நடந்தது, அறையில் வேறு என்ன ஓடியது. இப்படித்தான் இருக்கும் பதிவு: "இரவு 9.40. சாகச ஆட்டம். பேட்டரி 3 கோடு. குகைக்குள் நுழையும்போது." அடுத்தது: "10.05. அதே ஆட்டம். 3 கோடு. நகரத்துக்குள் நுழையும்போது." மூன்றாவது: "10.30. கார் ரேஸ். புதிய தடம் லோட் ஆகும்போது."

பத்துப் பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்த பிறகுதான் படித்துப் பார்த்தேன். முக்கால்வாசி ஒரே மாதிரி: ஆட்டம் புதிதாக எதையாவது லோட் செய்யும் நேரம். லோட் ஆகும்போது கன்ட்ரோலருக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே கன்சோலைப் பார்த்தேன். அதன் மேலேயே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருந்தது, நீல விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டு. உள் சேமிப்பில் இடம் போதாமல் ஏழாவது மாதக் கடைசியில் வாங்கியது அது. பெரிய ஆட்டங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, உள் சேமிப்பில் இருந்த ஓர் ஆட்டத்தை மூன்று நாள் விளையாடினேன். ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. மறுபடி மாட்டினேன். அன்று இரவே இரண்டு தடவை.

காரணத்தைத் தேடிப் படித்தபோது இது புதிய விஷயமே இல்லை என்று தெரிந்தது. டிஸ்க் மாட்டியிருக்கும் யுஎஸ்பி 3.0 இணைப்பில் டேட்டா நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் மேல் போய் விழுகிறது. என்னுடையதைப் போன்ற புளூடூத் கன்ட்ரோலர் பேசுவதும் அதே 2.4-இல்தான். 2012-இல் இன்டெல் இதை அளந்து ஓர் ஆவணமாகவே வெளியிட்டது: டிஸ்க் ஒன்றை மாட்டியதும் அந்த அலைவரிசையின் இரைச்சல் சுமார் 20 டெசிபெல் உயர்ந்தது. 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு சக்தி. சந்தைக்கடை இரைச்சலில் ஒருவர் காதில் கிசுகிசுப்பது போலத்தான் கன்ட்ரோலரின் நிலை.

புளூடூத் ஒரே இடத்தில் நின்று பேசுவதில்லை. 79 சேனல்களுக்கு நடுவே நொடிக்கு 1600 தடவை வரை தாவிக்கொண்டே இருக்கும். 2003-இல் வந்த புளூடூத் 1.2-லிருந்து, எந்தச் சேனலில் இடைஞ்சல் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றவற்றில் தாவவும் அதற்குத் தெரியும். ஒரு வைஃபை ரூட்டர் பக்கத்தில் இருந்தால் அது இந்த வழியில் பெரும்பாலும் தப்பித்துவிடும். வைஃபை அந்த 2.4 அலைவரிசையின் ஒரு துண்டைத்தான் பிடிக்கிறது. யுஎஸ்பி இரைச்சல் அப்படி இல்லை. அலைவரிசை முழுக்கப் பரவுகிறது. தாவி ஓட இடமே இல்லை. எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் இது மாறாது என்பது அப்போதுதான் புரிந்தது.

சரிசெய்வது எளிதாகவே இருந்தது. டிஸ்க்கைக் கன்சோலின் மேலிருந்து எடுத்து, நன்றாகக் கவசமிட்ட ஒரு மீட்டர் கேபிளில் கீழ்த் தட்டுக்கு இறக்கினேன். பின்பக்கத்து இன்னொரு போர்ட்டுக்கு மாற்றினேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்றிருந்தது வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

மிச்சத்தைக் கண்டுபிடித்தது தம்பி. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சொன்னான்: "அண்ணா, நீ காலை மடக்கிட்டு மடியில வச்சுப் பிடிக்கிறப்பதான் கட் ஆகுது, பாரேன்." நான் நம்பவில்லை. வேண்டுமென்றே செய்து பார்த்தோம். அவன் சொன்னது சரி. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே விழுங்கும். கன்ட்ரோலருக்கும் கன்சோலுக்கும் நடுவே என் முழங்கால். கன்சோலோ மேசையின் மூடிய அறைக்குள், டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால். ஏற்கெனவே மெலிந்த சிக்னலுக்கு இத்தனை தடைகள். கன்சோலை வெளியே எடுத்துத் திறந்த தட்டில் வைத்தேன். இதற்கு ஒரு செலவும் இல்லை, ஆனால் பலன் தெரிந்தது.

கையோடு வைஃபையையும் பார்த்தேன். கன்சோல் 2.4-இல் இணைந்திருந்தது; 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். ரூட்டரின் 2.4 பக்கம் சேனல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருந்ததை 20-க்குக் குறைத்தேன், அலைவரிசையில் வைஃபை பிடிக்கும் இடம் குறையட்டும் என்று. இதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் கன்சோலை நகர்த்திய அதே நாளில் இதையும் செய்துவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். எப்படியோ, அதற்குப் பிறகு பத்து மாதம் நோட்டு காலியாகவே கிடந்தது.

இரண்டாம் வருடத்தின் கடைசியில் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை பதற்றம் இல்லை. நோட்டைத் திறந்தேன். பதிவுகள் வேறு மாதிரி இருந்தன: "வெடிச் சத்தம், பலமான அதிர்வு, கட்." "சுவரில் மோதல், அதிர்வு, கட்." லோடிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரி இரண்டு கோடு காட்டும்போதே அணைந்தது, உடனே உயிர் பெற்றது.

இது பேட்டரி மூப்பு. லித்தியம் அயான் பேட்டரி முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும், வேலை செய்யும்போது சராசரியாக 3.7. வயதாக ஆக அதன் உள் மின்தடை கூடும். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாகவே காட்டும். அதிர்வு மோட்டார்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மின்னோட்டத்தை இழுத்ததும் சட்டென்று சரியும். அந்தச் சரிவில் உள்ளே இருக்கும் சிப் அணைந்துவிடுகிறது. சோதிக்க ஓர் எளிய வழி: அதிர்வை செட்டிங்ஸில் அணைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள். எனக்கு இணைப்பு அறுவது உடனே நின்றது. அதிர்வு இல்லாத ரேஸ் உப்பில்லாத பண்டம் மாதிரி என்பதால் பேட்டரியை மாற்றினேன். நான்கு திருகுகள், உள்ளே இரண்டு கம்பி கொண்ட ஒரு சின்ன பிளக். வாரண்டி முடிந்திருந்ததால் நானே திறந்தேன்; வாரண்டி இருப்பவர்கள் திறக்க வேண்டாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது.

நடுவில் ஒரு வாரம் வேறொரு குழப்பம் இருந்தது. கன்ட்ரோலர் அறுந்ததும் கன்சோலோடு இணையாமல் எங்கேயோ போய்விடும், விளக்கு மட்டும் எரியும். ஒரு பயணத்தில் விளையாட அதை என் போனோடு இணைத்திருந்தேன். பக்கத்தில் கிடந்த போன் அதை இழுத்துக்கொண்டிருந்தது. போனின் புளூடூத் பட்டியலிலிருந்து அழித்ததும் தீர்ந்தது. கன்ட்ரோலரைப் போனிலும் கணினியிலும் பயன்படுத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான்.

கன்ட்ரோலரைப் பற்றி என் கருத்து? பட்டன்கள் இன்னும் அதே உறுதியோடு இருக்கின்றன. இடது ஸ்டிக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இன்னும் தானாக நகர ஆரம்பிக்கவில்லை. போர்ட்டில் சேரும் பஞ்சைக் கன்ட்ரோலரை அணைத்துவிட்டுப் பல்குத்தியால் மெதுவாக எடுக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், பேட்டரி அளவை மூன்று கோட்டில் மட்டும் காட்டுவது. சதவீதமாகக் காட்டியிருந்தால் பேட்டரி மூப்பை நான் முன்பே பிடித்திருப்பேன். கன்சோலோடு வந்த கையேட்டில், டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். மற்றபடி இதையே மறுபடி வாங்குவேன்.

போன மாதம் ஒரு வயர்லெஸ் ஹெட்செட் வாங்கினேன். அதன் டாங்கிளை, அதாவது யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவரை, பின்பக்கம், டிஸ்க்கின் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே செருகினேன். முதல் நாளே குரல் கரகரவென்று உடைந்தது. ரீசெட் துளையை நான் தேடவே இல்லை. டாங்கிளை முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினேன், நோட்டில் தேதியைப் போட்டேன். அதற்குக் கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை.