சாம்பியத் தாமிரத்துக்கு எந்த வழி: தார் எஸ் சலாமா, லொபிட்டோவா?

சாம்பியாவின் தாமிரப் பட்டை எனும் சுரங்கப் பகுதியிலிருந்து இந்தியாவுக்குத் தாமிரத் தகடு அனுப்பும் பணியில் இருக்கும் நான், தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்தையே தேர்ந்தெடுத்தேன். இந்தியாவுக்கு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையும், ஐரோப்பாவுக்கு அங்கோலாவின் லொபிட்டோவும் பக்கம் என்பது வரைபடத்திலேயே தெரியும். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இருப்புப்பாதைப் பராமரிப்பு.

வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியாவை (இன்றைய ஜிம்பாப்வே) சாராத வழி வேண்டுமென்று அன்றைய சாம்பிய அதிபர் கவுண்டாவும் தான்சானிய அதிபர் நைரேரேவும் கேட்டபோது மேற்கு நாடுகள் பணம் தர மறுத்தன. சாம்பியாவின் கப்பிரி ம்போஷி நகரிலிருந்து தார் எஸ் சலாம் வரை 1,860 கி.மீ. நீளும் தசாரா பாதையைச் சீனா வட்டியில்லாக் கடனில் அமைத்து 1976இல் ஒப்படைத்தது. இரு அரசுகளும் கூட்டாக நடத்திய அந்தப் பாதையில் தண்டவாளமும் இன்ஜினும் கவனிப்பின்றித் தேய்ந்ததால், இன்று சரக்கில் பெரும்பகுதி லாரியில் ஏறி சாம்பியா–தான்சானியா இடையிலான நக்கொண்டே எல்லையில் நீண்ட வரிசையில் நிற்கிறது. ஒரு கட்டுத் தகடு இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்டது. வழியில் எஃகுப் பட்டை அறுந்தால் தகடுகளை மீண்டும் எண்ணி, எடைபோட்டுக் கட்ட வேண்டும். இந்தத் தொல்லைக்கு நடுவிலும் நான் இவ்வழியை நம்பக் காரணம், 2025இல் ஒரு சீன நிறுவனத்துடன் கையெழுத்தான, 140 கோடி டாலர் மதிப்பிலான 30 ஆண்டு ஒப்பந்தம். துறைமுகம் முதல் கப்பிரி ம்போஷி வரை பாதைக்குப் பொறுப்பு ஒரே கையில் வருகிறது.

லொபிட்டோ பாதை அங்கோலாவின் உள்நாட்டுப் போரில் சிதைந்து, சீன நிறுவனத்தால் சீரமைக்கப்பட்டது. 2022இல் டிராஃபிகுரா, மோட்டா எங்கில், வெக்டூரிஸ் நிறுவனங்களின் கூட்டமைப்பு அதை நடத்த 30 ஆண்டு உரிமம் பெற்றது. 2024 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பைடனே அங்கு சென்றார். அங்கோலாவுக்குள் வண்டிகள் ஒழுங்காக ஓடுகின்றன என்று அவ்வழியே அனுப்புபவர்கள் சொல்கிறார்கள். நான் அனுப்பியதில்லை என்பதால் அதற்கு மேல் உறுதி கூற மாட்டேன். ஆனால் எல்லை தாண்டியதும் காங்கோ அரசு ரயில்வேயின் தேய்ந்த பாதை தொடங்குகிறது. சாம்பியாவிலிருந்து நேரடிப் பாதை இன்னும் திட்டமாகவே இருக்கிறது.

ஒரு காலத்தில் பணம் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்க நாடுகளிடம் இன்று சீனா, அமெரிக்கா என இரு வல்லரசுகளும் போட்டியிட்டு வருகின்றன. பராமரிப்புக்குக் கெடுவும் தவறினால் அபராதமும் கேட்டு வாங்கச் சாம்பியாவுக்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. தசாராவின் சீரமைப்பு முடியும்வரை, லாரி ஒப்பந்தத்தை நான் கைவிடப் போவதில்லை.