நாலு கார்ட்டனும் ஒரு 'லி'யும்: பழைய வண்ணாரப்பேட்டை மாடி வகுப்பு

வாசலில் பேர் போர்டு கிடையாது. சர் தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் ஒரு லேத் பட்டறை, அதன் மாடியில் இந்த இங்கிலீஷ் வகுப்பு. வாரம் மூன்று நாள், இரவு 7 மணியிலிருந்து 8.30 வரை, இரண்டு மாதத்துக்கு 1,800 ரூபாய். வகுப்புக்குப் பேர் என்று ஒன்று வைக்கவில்லை. 'சார் க்ளாஸ்' என்றால் தெருவில் காட்டுவார்கள்.

நான் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். கன்டெய்னரைத் திறந்து சரக்கு இறக்கும்போது பக்கத்தில் நின்று, பேக்கிங் லிஸ்ட்டோடு பெட்டிகளை எண்ணி டிக் அடிக்கிற வேலை. எண்ணுவதில் தப்பு வராது. எண்ணியதை மெயிலில் எழுதும்போதுதான் வந்தது.

ஒரு நாள் 212 கார்ட்டன் வர வேண்டிய இடத்தில் 208தான் இருந்தது. 'நாலு குறைவு' என்று பார்ட்டிக்கு எழுதணும். எங்கள் தொழிலில் 'ஷார்ட்' என்று ஒரே வார்த்தையில் முடிப்போம். நான் அப்போது வேறொரு இடத்தில் 6,500 ரூபாய் கட்டி இங்கிலீஷ் படித்து முடித்திருந்த சூட்டில் இருந்தேன். அங்கே அட்வெர்ப் பாடத்தை இருபது நிமிஷத்தில் முடித்தார்கள்: வினைக்கு அடை வேணுமா, 'லி' சேர், அவ்வளவுதான். சேர்த்தேன். 'ஃபோர் கார்ட்டன்ஸ் ரிசீவ்டு ஷார்ட்லி' என்று அனுப்பினேன். பார்ட்டியிடமிருந்து சந்தோஷமாகப் பதில்: நன்றி, எந்தத் தேதிக்கு வரும்?

ஷார்ட்லி என்றால் 'சீக்கிரத்தில்'. நாலு பெட்டி வழியில் வந்துகொண்டிருப்பதாக அந்த மனுஷர் மூணு நாள் காத்திருந்தார். நாலாவது நாள் மேனேஜர் கூப்பிட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

இந்தக் கதையைச் சாரிடம் முதல் நாளே சொன்னேன். அவர் துறைமுகத்தில் ஷிப்பிங் கணக்கு பார்த்து ரிட்டயர் ஆனவர். சிரித்து முடிக்கவே அவருக்கு இரண்டு நிமிஷம் ஆச்சு. "ஷார்ட் லேண்டட்னு, அதாவது சரக்கு குறைவா இறங்குச்சுன்னு, ஆயிரம் தடவை டைப் அடிச்சிருக்கேன்பா. அங்க ஷார்ட்டே அட்வெர்ப்தான். அதுக்கு எதுக்குப்பா வால்?" என்றார். அப்புறம் போர்டில் மூன்று ஜோடி எழுதினார். ஹார்ட், ஹார்ட்லி. லேட், லேட்லி. ஷார்ட், ஷார்ட்லி. 'லி' போட்டதும் மூன்றும் வேறு வீட்டுக்குப் போய்விட்டன: ஹார்ட்லி என்றால் 'அநேகமாக இல்லை', லேட்லி என்றால் 'சமீபகாலமாக'. ஃபாஸ்ட்டுக்கு 'லி'யே கிடையாது. ஃப்ரெண்ட்லி, லோன்லி இரண்டுக்கும் 'லி' இருக்கிறது, ஆனால் அவை பெயரடைகள்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். இந்தத் தப்பை நாம் ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்று சார் சொன்னது மட்டும் நான் வேறெங்கும் கேட்காதது. தமிழில் நமக்கு 'ஆக' என்று ஒன்று கைவசம் இருக்கிறது, பேச்சில் அது வெறும் 'ஆ'. எதோடும் ஒட்டும். அழகா, வேகமா என்பதோடு நிற்காமல் இங்கிலீஷ் வார்த்தையைக்கூட விடுவதில்லை: லேட்டா வந்தான், ஃபாஸ்ட்டா ஓட்டினான், நீட்டா மடிச்சான். ஒட்டினால் போதும், வேலை முடிந்தது, அர்த்தம் மாறாது. அந்த நம்பிக்கையில்தான் 'லேட்டா' என்பதை 'லேட்லி' ஆக்குகிறோம். "உன் இங்கிலீஷ்ல ஓட்டை இல்லப்பா, உன் தமிழ் ரொம்ப ஸ்ட்ராங்கு" என்றார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் சீட்டு விளையாட்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தை. திருப்பிப் பிடித்தால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பேர் பாதி தெரியும். அவன் காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கினான் என்ற வாக்கியத்தை முதலில் தமிழில் வைத்து, 'தான்' சீட்டை நகர்த்தச் சொன்னார். அவன்தான், காசிமேட்டில்தான், வஞ்சிரம்தான். ஒவ்வொரு இடத்திலும் அர்த்தம் வேறு, எங்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிறகு அதே வாக்கியம் இங்கிலீஷில், கையில் 'ஒன்லி' சீட்டு. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் வேலை செய்கிற தம்பி அதைக் கொண்டுபோய் வஞ்சிரத்துக்குப் பின்னால் வைத்தான்.

அங்கேதான் எங்கள் எல்லாருடைய குட்டும் வெளிப்பட்டது. 'தான்' சொல்லுக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டும். 'ஒன்லி' பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் நிற்கும். நாம் வாலை அப்படியே தூக்கிக்கொண்டு போய் 'ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி' என்கிறோம். நேத்துதான் வந்தேன் என்பது உள்ளூர் ஆளுக்குப் புரியும், வெளியூர் பார்ட்டி தலையைச் சொறிவான். பேச்சில் இங்கிலீஷ்காரர்களும் 'ஒன்லி'யை வினைக்கு முன்னால் போட்டுவிட்டு, குரலை அழுத்தி எது என்று காட்டுவார்களாம். மெயிலில் குரல் கிடையாதே. அதனால் எதைச் சொல்கிறாயோ அதன் முன்னால் ஒட்டி நிறுத்து என்றார். இப்போது ஒவ்வொரு மெயிலிலும் ஒன்லியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

ஆல்வேஸ், யூஷுவலி வகையறாவுக்கு ஒரு வரிதான் சொன்னார்: "இஸ், வாஸ் வந்தா வழிவிட்டுப் பின்னால நில்லு, மத்த வினைன்னா முன்னால போய் நில்லு." வெரி, டூ இரண்டுக்கும் டீ டம்ளரைக் காட்டினார். வெரி ஹாட் என்றால் குடிக்கலாம், டூ ஹாட் என்றால் வாய் வெந்துபோகும்.

இனி குறைகள். 7 மணி வகுப்பு 7.20க்குமுன் தொடங்கி நான் பார்த்ததில்லை. கீழே லேத் ஓடும் நாளில் கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது, முன்னால் உட்காருங்கள். 22 பேருக்கு ஒரே ஃபேன். ஜெராக்ஸ் நோட்டில் பாதி எழுத்து கறுப்பாக அப்பியிருக்கும். உச்சரிப்பு அவருக்கே கொஞ்சம் தடுமாறும், அதைக் கேட்டால் கோபம் வேறு வரும். இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறவர்களுக்கு இது போதாது. எங்கள் பேட்ச்சில் இருந்த நர்ஸிங் பொண்ணு பேச்சுப் பயிற்சி இல்லை என்று ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள், அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு, முக்கியமாக யார்டு, கொரியர், கடைக் கணக்கு என்று தினமும் நாலு மெயில் தட்டுகிறவர்களுக்கு, நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வண்டியில் போகாதீர்கள், சந்தில் நிறுத்த இடமில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை நின்றுவிட்டால் முதல் பாதி போச்சு. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, திருவொற்றியூர்க்காரர்களுக்கு அதுதான் வழி.

அடுத்த பேட்ச்சுக்கு என் மனைவிக்குப் பணம் கட்டிவிட்டேன். பையன் ஸ்கூலில் மிஸ்ஸிடம் அவளே எழுதிக் கொடுக்கணுமாம். எட்டரைக்குக் கூட்டிவர நான்தான் போகணும்.