139 உதவி எண்: தண்டவாளத்தில் கல் வைப்பதைக் கண்டால்

சிறுவர்கள் தண்டவாளத்தில் கல்லோ இரும்புத்துண்டோ வைப்பதைப் பார்த்தால் ரயில்வே உதவி எண் 139-தான் சரியான வழி. பாதுகாப்புக்கு எண் 1-ஐ அழுத்துங்கள், தமிழிலேயே பேசலாம். ரயில்வே புகார்களுக்கான ரயில்மதத் செயலி இதற்குத் தோதுப்படாது. ரயில் புகார் என்றால் அது பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண் கேட்கும், பாதையோரம் நிற்பவரிடம் அது ஏது? "பாலத்துக்குப் பக்கத்தில்" என்றால் இடம் பிடிபடாது. பாதையோர மின்கம்பத்தில் எழுதியுள்ள கிலோமீட்டர் எண்ணையோ ரயில்வே கேட் எண்ணையோ சொல்லுங்கள். நீங்கள் பாதையில் இறங்கவே வேண்டாம்.

பிள்ளை விளையாட்டு என்று பெற்றோர் தள்ளிவிடுவதுதான் வேதனை. உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தே தடை வைத்தால், 1989 ரயில்வே சட்டம் 150-ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகும். ரயில்மீது கல்லெறிந்தால் 152-ஆம் பிரிவிலும் அப்படியே. 18 வயது நிரம்பாதவர் வழக்கு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். சிறாரைச் சீர்திருத்தும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினால், அதிகபட்சம் 3 ஆண்டு. குற்றம் நடந்த நாளில் இருந்த வயதே கணக்கு.