ஈராண்டு உறக்கக் குறிப்பேடு: எனக்கு உதவியதும் உதவாததும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்க்கிறேன். அம்மா நோயில் படுத்திருந்த நாள்களில் கெட்டுப்போன என் தூக்கம், அவர் மறைந்து ஓராண்டு கடந்த பின்னும் திரும்பவில்லை. நள்ளிரவுக்குப் பின் ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லாரியின் சத்தத்தை அநேகமாக எல்லா இரவும் விழித்திருந்தே கேட்டேன். வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட தூக்கமின்மை என்பது மருத்துவக் கணக்கு. என் நிலை அதைத் தாண்டியிருந்தது.

முதலில் சென்ற கிளினிக்கில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். மாலைக்குப் பின் கோப்பி கூடாது, கைப்பேசி கூடாது, அறை இருட்டாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அத்தனையும் நல்ல பழக்கங்களே. கோப்பியின் காஃபீன் ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறத்தாழ பாதியளவு உடலில் நிற்கும். ஆனால் அவற்றை மட்டும் நான்கு மாதம் கடைப்பிடித்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாற்றம் வந்தது, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சையால். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை இதுவே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. உளவியலாளர் ஒருவர் சொன்னபடி, கடன் கணக்கு எழுதும் 555 புத்தகம் ஒன்றில் தினமும் காலையில் என் இரவைக் குறித்தேன். முதல் வாரக் கணக்கில் எட்டு மணி நேரம் படுத்து, ஐந்து மணி நேரமே தூங்கியிருந்தேன். அதனால் படுக்கும் நேரத்தை இரவு 11.30 முதல் காலை 5 வரை என்று சுருக்கினார். தூக்கம் வராமல் கிடந்தால் எழுந்து கூடத்துக்குப் போக வேண்டும், கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, கண் அயரும்போதுதான் திரும்ப வேண்டும். படுக்கை என்றாலே விழிப்பு என்று பழகிப்போன உடலை மாற்றும் இந்தப் பயிற்சியை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தார். மங்கிய விளக்கில் துவைத்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கியபடி பல இரவுகள் அமர்ந்திருந்தேன்.

இரண்டாம் வாரம் மிகக் கொடுமையானது. பகலில் கண் சொருகியதால் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை; மகன்தான் வேலைக்குக் கொண்டுபோய் விட்டான். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. படுத்திருக்கும் நேரத்தில் 85 விழுக்காடு தூக்கமாக அமைந்த பிறகு, வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாகக் கூட்டி, இப்போது 6 மணி 45 நிமிடத்தில் நிற்கிறேன். எழும் நேரம் மட்டும் மாறவில்லை. பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் என் அப்பா ஐந்து மணிக்கே எழுந்து முற்றம் கூட்டுவார். அந்த ஒழுங்கின் மதிப்பு இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

சென்ற ஆண்டு முதல், அந்த உளவியலாளரின் வழிகாட்டலோடு, கோயில் மண்டபத்தில் ஐந்து பேருக்கு இதைச் சொல்லித்தருகிறேன். அவர்களுள் ஒருவருக்குக் குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வருவதாக மனைவி சொன்னதால், முதலில் மருத்துவமனைக்கு அனுப்பினேன். அது வேறு நோயாக இருக்கலாம். ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கு இந்த அட்டவணை அப்படியே பொருந்தவில்லை. மற்றவர்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது குறைவாகப் படுப்பதுதான். "என்ன தங்கச்சி, தூக்கம் வரலன்னு வந்தா படுக்காதேங்கிற?" என்று, முப்பது ஆண்டு பால்மரம் சீவிய அக்கா ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். களைத்த உடம்பிடம் இதைச் சொல்வது எனக்கும் வலித்தது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் தூக்கத்துக்கான உந்துதல் உடலில் சேரும் என்று பொறுமையாக விளக்கினேன்.

எழுதப் பழக்கமில்லாத அவர், இரவில் எழுந்த ஒவ்வொரு முறைக்கும் தம் 555 புத்தகத்தில் ஒரு கோடு போடுவார். சென்ற வாரப் பக்கத்தில் மூன்று இரவுகளுக்குக் கோடே இல்லை. போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எழுந்திரிச்சாத்தானே கோடு போட?" என்றார்.