கோழி 'வருவல்' எழுதியவள் தமிழ்99-க்கு மாறிய கதை: ஐந்தாண்டு அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் பலகாரம் போட்டு விற்கிறோம். முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் கந்தரப்பமும் உண்டு. அடுப்பு மாமியாருடையது, எழுத்து என்னுடையது. விலைப்பட்டியல், பொட்டலத்தில் ஒட்டும் சீட்டு, இணையத்தில் போடும் அறிவிப்பு, சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப் பதில் என்று நாள்தோறும் மூன்று நான்கு பக்கமாவது தமிழில் தட்டுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள், ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழாக்கித் தரும் கைப்பேசி விசைப்பலகை ஒன்றை வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளாக, தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகை. பிழை குறைய எது உதவியது, எது கைவிட்டது, எது புதுத் தொல்லையைக் கொண்டுவந்தது என்று எழுதிவைக்கிறேன்.

மாறியதற்குக் காரணம் ஒரு கோழி.

உறவினர் ஒருவர் பக்கத்து ஊரில் ஐயா காலத்து வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றினார். உணவுப் பட்டியலைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அச்சடித்து மேசைக்கு மேசை வைத்தார்கள், இணையத்திலும் போட்டார்கள். பத்து நாள் கழித்துத் தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மாதந்தோறும் எங்களிடம் தேன்குழல் வாங்குகிறவர்.

"ஆச்சி, உங்கள் கோழி யாருக்கு வாக்குக் கொடுக்கிறது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. 'வருவல்' என்றால் பழந்தமிழில் 'வருவேன்' என்று பொருளாம். 'உண்பல்' என்றால் உண்பேன் என்பதுபோல. எண்ணெயில் வறுபடுவது 'வறுவல்'. "வருகிறேன் என்று சொன்ன கோழியைச் சாப்பிடுவது பாவம்தான் ஐயா" என்று சிரித்துச் சமாளித்தேன். வைத்த பிறகு பட்டியலை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். 'மிளகுக் கரி' இருந்தது. கரி என்றால் அடுப்புக்கரி, இல்லையென்றால் யானை. 'பீன்ஸ் பொறியல்' இருந்தது. பொறி எலிக்கு வைப்பது. எங்கள் பலகார விலைப்பட்டியலை எடுத்தேன். அதில் 'அறை கிலோ' என்று ஏழு இடத்தில் இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு, 'உங்கள் பத்து முன்னூறு ரூபாய்' என்று அனுப்பியிருக்கிறேன். பத்தா முன்னூறா என்று அவர் திருப்பிக் கேட்டது அப்போதுதான் உறைத்தது. நான் எழுத நினைத்தது 'பற்று', அதாவது அவர் தர வேண்டிய தொகை.

இத்தனைக்கும் 1939 முதல் கம்பனுக்கு விழா எடுக்கிற ஊர் இது. கம்பன் மணிமண்டபம் இருக்கிறது, தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிறது. கடைவீதியில் நடந்தால் 'அறை கிலோ' பலகைகளும் இருக்கின்றன. எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

பிழை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், பாதி காதிலிருந்து வருகிறது. ர, ற இரண்டையும் நாம் பேச்சில் பிரித்துச் சொல்வதே இல்லை. ந, ன இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. எங்கள் பக்கத்தில் ழ-வும் ள-வும் ஒன்றுதான். பழக்கடையில் போய்ப் 'பளம்' என்றுதான் கேட்கிறோம். ஆகவே ஒலியை நம்பி எழுதும் விசைப்பலகை, கேட்டுக் கேட்டே கெட்டுப்போன காதுக்கு இன்னும் செல்லம் கொடுக்கிறது. அதில் ஆங்கிலச் சிறிய எழுத்தைத் தட்டினால் ர, பெரிய எழுத்தைத் தட்டினால் ற. அவசரத்தில் யார் பெரிய எழுத்துக்குப் போவார்கள்? பிறகு அது தரும் பரிந்துரைகள். 'முருக்கு' முதலில் வந்து நிற்கும், 'முறுக்கு' இரண்டாவதாக. முருக்கு என்பது ஒரு மரம். அதைப் பிழிந்து எண்ணெயில் போட முடியாது. எங்கள் ஊர்ச் சொற்கள் அதற்குத் தெரியவே தெரியாது. 'வளவு' என்று தட்டினால் 'வரவு' ஆகும். 'பலகாரத்தைக் கொட்டானில் வைத்து அனுப்புகிறோம்' என்று எழுதப்போய், 'கொட்டாவியில் வைத்து அனுப்புகிறோம்' என்று ஒரு தீபாவளி முழுக்க அறிவிப்பு ஓடியது. கொட்டான் எங்கள் ஊர் ஓலைக்கூடை. பேசினால் எழுதித் தரும் வசதியையும் இரண்டு மாதம் பார்த்தேன். என் ழகரத்தைக் கேட்டு அது எழுதியதை இங்கே சொல்ல வேண்டாம்.

மலேயாவுக்குக் கொண்டுவிற்கப் போயிருந்த என் ஐயாவின் கணக்குச் சிட்டை பெட்டகத்தில் இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து, ணை-க்கும் லை-க்கும் தும்பிக்கை தூக்கியிருக்கும். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். 'பற்று' எல்லாம் பற்றாகவே இருந்தது. அவரும் வாயால் 'பத்து' என்றுதான் சொல்லியிருப்பார். கைக்குத் தெரிந்திருந்தது.

கைக்குத் தெரிய வேண்டும் என்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று ஆசிரியர்தான் தமிழ்99-ஐச் சொன்னார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு அது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகள், வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய்கள். க-வும் ஒ-வும் தட்டினால் கொ. தமிழ் எழுத்து அச்சிட்ட விசைப்பலகையைத் தேடி அலைந்து கிடைக்காமல், வெள்ளைத் தாளில் எழுதி வெட்டி ஒட்டிக்கொண்டேன். முதல் மூன்று வாரம் அழுகைதான் வந்தது. ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர், உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார். இரண்டாம் மாதத்தில் பழைய வேகம் வந்தது. ஆறாம் மாதத்தில் ஒட்டியிருந்த தாள்கள் உதிர்ந்துபோனதைக் கூடக் கவனிக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது புள்ளி விழும் அழகு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முன்னதன் தலையில் புள்ளி தானாக விழுகிறது. அதோடு இன எழுத்துகளையும் அதற்குத் தெரியும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தால் புள்ளியைக் கேட்காமலே வைக்கும். 'கண்டாங்கி' என்று எழுத ஏழே தட்டு: க, ண, ட, ஆ, ங, க, இ. கன்றுக்குட்டியைத் தவறாக ண போட்டு எழுத முயன்றால் புள்ளி விழாது. 'கணறு' என்று முறைத்துக்கொண்டு நிற்கும். ண்ட உண்டு, ன்ற உண்டு, ண்ற கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததாக நினைவில்லை. விரல் படித்துக்கொண்டது.

ர, ற குழப்பம் தீர்ந்ததும் இப்படித்தான். ற மேல்வரிசையில், ர கீழ்வரிசையில். ள மேலே, ல கீழே. நான்கையும் தட்டுவது வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றே. மேலே போவதா கீழே இறங்குவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். பழைய விசைப்பலகையில் அந்த முடிவை இயந்திரம் எடுத்தது. இப்போது தயங்கும் இடமெல்லாம் எனக்குத் தெரியாத சொல் என்று பொருள். தயங்கிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் கேட்பேன். மூன்று + நூறு முந்நூறு. 'முன்னூறு' என்றால் முந்தைய நூறு. சுடுகிற நீர் வெந்நீர். 'வெண்ணீர்' வெள்ளை நீர். எள்ளின் நெய் எண்ணெய். 'எண்ணை' என்று ஒன்று இல்லை. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து நிற்காது, அதனால் 'முயற்ச்சி' தவறு.

எங்கள் வீட்டுச் சுவர் பற்றி ஒரு முறை எழுதும்போது 'சுவற்றில்' என்று போட்டிருந்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய, கண்ணாடிபோல் வழுவழுக்கும் சுவர். "கிணறு, கிணற்றில், வயிறு, வயிற்றில். 'று' என்று முடிவதால் அந்த 'ற்' வருகிறது. சுவர் 'ர்' என்று முடிகிறது ஆச்சி, அதற்கு எதற்கு?" என்றார் ஆசிரியர். கிணற்றைப் பார்த்துச் சுவரும் சூடு போட்டுக்கொண்டது போலிருக்கிறது. இதே கணக்கில்தான் நாடு 'நாட்டு' ஆகிறது. 'செட்டிநாடு சமையல்' என்று ஊரெல்லாம் பலகை இருந்தாலும், என் பொட்டலத்தில் 'செட்டிநாட்டுப் பலகாரம்' என்றுதான் அச்சடிக்கிறேன்.

தமிழ்99 தீர்க்காத நோய் சந்தி. எந்த விசையும் அதற்கு இல்லை. 'கேட்டு பாருங்கள்', 'செய்துக் கொடுக்கிறோம்' என்று இரண்டு பக்கமும் தவறாக எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் இலக்கணப் பெயர் எதையும் சொல்லவில்லை. "உங்கள் சமையல் குறிப்பைப் படியுங்கள்" என்றார். வறுத்துப் பொடிக்க வேண்டும். அரைத்துக் கலக்க வேண்டும். சுட்டுத் தின்ன வேண்டும். வல்லெழுத்தோடு மோதி முடிகிற த்து, ட்டு, க்கு, ற்று என்றால் அடுத்த வல்லினம் இரட்டிக்கும். பிசைந்து பிழிய வேண்டும், பிழிந்து பொரிக்க வேண்டும், செய்து கொடுக்க வேண்டும். இங்கே மெல்லினமோ இடையினமோ உயிரெழுத்தோடு ஒட்டிய து-வோ வருவதால் இரட்டிப்பு இல்லை. வேகக் காத்திரு, பொரிக்கத் தொடங்கு என்பவற்றில் எப்போதும் உண்டு. வேறு யாருக்காவது இது உதவுமா தெரியாது. எனக்கு அடுப்படியில் நின்றால் சந்தி வருகிறது. இன்றைக்கும் ஐயம் வந்தால் வாய்க்குள் 'வறுத்துப் பொடி, பிழிந்து பொரி' என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

பிழை திருத்தும் மென்பொருள்கள் இரண்டைக் கணினியில் வைத்திருக்கிறேன். பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். விரல் வழுக்கியதையும் விட்டுப்போன புள்ளியையும் நன்றாகப் பிடிக்கின்றன. ஆனால் பட்டாலை, கும்மாயம், கந்தரப்பம், கானாடுகாத்தான் எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. ஒரு பக்கத்தில் முப்பது கோடு விழுந்தால் முப்பத்தொன்றாவதை யார் பார்க்கிறார்கள்? என் 'வருவல்' அப்படித்தான் தப்பியது. 'அறை கிலோ'வின் கீழே கோடே இல்லை. அறையும் சரியான சொல், கிலோவும் சரியான சொல். 'பத்து முறுக்குகள் இருக்கிறது' என்று எழுதினாலும் பேசாமல் இருக்கின்றன. ஊர்ச் சொற்களை நானே அகராதியில் சேர்த்துக் கோடுகளைக் குறைத்த பிறகுதான் அவை உருப்படியாக உழைத்தன. அந்த ஒரு வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டைக்கு நான் போவதில்லை. க் இல்லாமல் எழுதுகிறேன், அவ்வளவுதான். உளுந்தை 'உழுந்து' என்று எழுதும் பெரியவர்களைத் திருத்தவும் வேண்டாம்; அது பழைய வடிவம். ஊர்ப் பெயர்களை ஊரார் எழுதுகிறபடியே விட்டுவிடுகிறேன். காரைக்குடிக்கு நடுவில் க் உண்டு, தேவகோட்டைக்கு இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். 'பப்பாளி' எழுத முதலில் ப தட்டி, அ தட்டி, பிறகு இரண்டு ப தட்ட வேண்டும். மறந்தால் முதல் எழுத்திலேயே புள்ளி. 'நதி', 'நத்தம்' இரண்டுக்கும் இதே பாடு, ந-வும் த-வும் இன எழுத்துகள் அல்லவா. கைப்பேசியில் இந்த அமைப்பு நெருக்கடியானது. ஒரு வரிசையில் அத்தனை விசைகள், என் கட்டைவிரலுக்குப் போதவில்லை. மலேசியாவில் உருவான செல்லினம் செயலியில் தமிழ்99-உம் இருக்கிறது, நடையில் போகும்போது அதில்தான் எழுதுகிறேன்; கைப்பேசியில் இன்றும் பிழை கூடத்தான் வருகிறது. அதனால் அச்சுக்குப் போவதையும் இணையத்தில் போடுவதையும் கணினியில் மட்டுமே எழுதுகிறேன். இன்னொருவர் கணினியில் உட்கார்ந்தால் ஒரு கை ஒடிந்ததுபோல் இருக்கும். நாளைக்கு நாலு வரி மட்டும் எழுதுகிறவர் இந்த மூன்று வாரத் துன்பத்தைப் பட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பழைய விசைப்பலகையில் பரிந்துரையை அணைத்துவிட்டு ஒரு நோட்டை வைத்துக்கொண்டாலே போதும். நாள்தோறும் எழுதுகிறவர்கள், அதிலும் அச்சுக்குக் கொடுக்கிறவர்கள், தாராளமாக மாறலாம்.

போன மாதம் புது விலைப்பட்டியலைத் தேன்குழல் பொட்டலத்தோடு தேவகோட்டைக்கு அனுப்பினேன். மறுநாள் ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது: பட்டியலில் பிழை ஒன்றும் தென்படவில்லை, தேன்குழலில்தான் உப்புச் சற்றுத் தூக்கல். மாமியாரிடம் காட்டினேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.