பிரவுசர் கைரேகையும் என் பாமினி எழுத்துருவும்: மூன்று வருட அனுபவம்

டிடிபி வேலை செய்கிறேன். என் கணினியில் பாமினி (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு) தொடங்கி எத்தனையோ பழைய தமிழ் எழுத்துருக்கள் கிடக்கும். இணையதளங்கள் என்னைப் பின்தொடரக் கூடாது என்று தினமும் குக்கீயை அழிப்பேன், இன்காக்னிட்டோவில்தான் எதையும் திறப்பேன். அதுவே போதும் என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் இ.எஃப்.எஃப் அமைப்பின் 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற, நம் பிரவுசரைத் தனியாக அடையாளம் காண முடியுமா என்று காட்டும் சோதனைப் பக்கத்தைத் திறந்த அன்று அந்த நம்பிக்கை போனது. 2010-ல் 'பனாப்டிக்ளிக்' என்ற பெயரில் தொடங்கிய சோதனை அது. அப்போது ஆராய்ந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் வேறு எதனோடும் ஒத்துப்போகவில்லை. என்னுடையதும் அப்படித்தான் வந்தது. திரை அளவு, நேர மண்டலம், மொழி, கிராபிக்ஸ் கார்டு படம் வரையும் விதம் எல்லாவற்றையும் சேர்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். இந்தச் சேர்க்கையைத்தான் பிரவுசர் கைரேகை என்கிறார்கள். குக்கீயைப் போல நம் கணினியில் எதையும் போட்டு வைப்பதில்லை என்பதால் அழிக்கவும் வழியில்லை.

எழுத்துரு விஷயம்தான் எனக்கு உறைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரியை எழுதி, 'இதைப் பாமினியில் காட்டு' என்று தளம் கேட்கும். பிறகு அகலத்தை அளக்கும். பாமினி இல்லாத கணினியில் அகலம் மாறாது, இருந்தால் மாறிவிடும். நானே ஒரு சின்னப் பக்கம் எழுதிப் பார்த்தேன், அப்படியே நடந்தது. பாமினி வைத்திருப்பவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? வயிற்றைக் கலக்கியது.

கைரேகையை மறைக்க, முதலில் பிரவுசரில் நான்கைந்து நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) போட்டேன். அது பெரிய தப்பு. ஒன்று என்னை மேக் பயனர் என்றது, எழுத்துருக்களோ விண்டோஸ் என்றன. அப்படி ஒரு கலவை கூட்டத்தில் பளிச்சென்று தெரியும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பயர்பாக்ஸில் கைரேகை எடுப்பதைத் தடுக்கும் 'ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்' அமைப்பை இயக்கினேன். எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுவதுதான் அதன் வழி.

சிரமம் இருக்கிறது. நேரத்தை யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) காட்டும். காலை 10:30 வீடியோ அழைப்பை காலண்டர் 5:00 என்று காட்ட, வாடிக்கையாளரைக் காக்கவைத்துவிட்டேன். பிரவுசர் வரையும் படத்தைத் தளம் படிப்பதையும் அது தடுப்பதால், மகளின் விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தை அந்தத் தளத்திலேயே வெட்டி ஏற்றினால் முகம் இருந்த இடத்தில் வண்ணக் கோடுகள்! முகவரிப் பட்டையில் வரும் சின்னத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்ததும் சரியானது.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு பிரேவ் பிரவுசர் போதும் என்பேன். அது கைரேகையில் கொஞ்சம் கலப்படம் செய்து, தளத்துக்குத் தளம் மாற்றிக் காட்டும். ஆனால் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் எண்) இந்த அமைப்புகள் மறைக்காது. லாகின் செய்துவிட்டால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரிந்துதான் இருக்கும்.

எனக்கு இன்னும் ஒரு வருத்தம் பாக்கி. என் எழுத்துருக்கள் இப்போது தளங்களுக்குத் தெரிவதில்லை, அதனால் பாமினியில் எழுதிய பழைய தமிழ்ப் பக்கங்கள் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கின்றன. அவற்றைப் படிக்க மட்டும், இந்த அமைப்பை இயக்காமல், பயர்பாக்ஸில் தனியாக ஒரு ப்ரொஃபைல் வைத்திருக்கிறேன். அதில் எங்கும் லாகின் செய்வதில்லை.